வெர்லின் எய்த இரண்டு அம்பு

என் தங்கச்சி ஆர்டிஸைக் கட்டியவன் பெயர் வெர்லின். பதினெட்டு வருஷமாக, நவம்பர் பிறந்தால் வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறான். ஒரு மான்கூட அடித்ததில்லை.

எங்கள் விஸ்கான்சின் பக்கம் நவம்பர் முதல் இரண்டு வாரம் கலைமான்களுக்குப் புத்தி பேதலித்துவிடும். பெட்டை போன வழியில் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, தீனி இல்லாமல் தூக்கம் இல்லாமல், பட்டப்பகலில் சோளக்காட்டு நடுவே ஓடும். அந்தச் சமயத்தில் பார்வை மங்கிய கிழவன்கூட ஒன்றை வீழ்த்திவிடுவான். வெர்லினால் முடியவில்லை.

அதற்கு அவன் கண்ட மருந்து கடைக்குப் போவது. கலைமான் போல உறுமும் குழல் வாங்கினான். இரண்டு கலைமான் சண்டை போடுவதுபோல மோதிச் சத்தம் கிளப்ப ஒரு ஜோடி பழைய கொம்பு வாங்கினான். குப்பியில் அடைத்த பெட்டை மான் மூத்திரம்கூட வாங்கினான். அது வண்டிக்குள்ளேயே உடைந்து, கலைமான் வருகிறதோ இல்லையோ, பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் வந்தன.

நான் கசாப்புக்காரன். சீசனில் ஊரார் அடித்துவரும் மான்களை என் கொட்டகையில் தொங்கவிட்டுத் தோலுரித்துக் கறி போட்டுக் கொடுப்பேன். அந்த வியாழக்கிழமை காலையில் வெர்லின் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து நின்றான். வண்டியின் பின்னால் ஒரு கலைமான் கிடந்தது. பத்துக் கிளைக் கொம்பு.

"பாத்தியா மச்சான்! இருபது கஜம். ஒரே அம்பு!"

"நீயா அடிச்ச மாப்ள?"

"பின்ன, உங்கப்பனா அடிச்சாரு? படம் எடு, படம் எடு. கொம்பு முழுசா விழணும்."

பதினோரு படம் எடுக்க வைத்தான். ஒவ்வொன்றிலும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டான்.

அவன் போனதும் தோலை உரித்தேன். அம்பு வலது விலாவில் பாய்ந்திருந்தது. ஆனால் அந்த ஓட்டையைச் சுற்றி ரத்தமே கட்டவில்லை, கறி வெளுத்துக் கிடந்தது. உயிருள்ள உடம்பில் பாய்ந்த அம்பு அப்படி இருக்காது. இடது பக்கம் திருப்பினால் ஏழு விலா நொறுங்கியிருந்தது. தோளிலிருந்து தொடை வரை கறி கன்றிக் கறுத்துக் கூழாகியிருந்தது. முடிக்குள் ஹெட்லைட் சில்லுகள்.

வண்டியில் அடிபட்டுச் செத்த மானுக்கு அம்பு குத்தியிருக்கிறான். முப்பது வருஷத்தில் எத்தனையோ பொய் என் கொட்டகைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு கேவலமாக ஒன்று வந்ததில்லை. தங்கச்சி முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் யூனிஸ் நடத்தும் பாரில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். ஊரே அங்கேதான் சாப்பிடும். அந்த சீசனில் யார் அடித்த மானுக்குப் பெரிய கொம்பு என்று வரிசை எழுதும் பலகையில் யூனிஸ் சாக்பீஸால் வெர்லின் பெயரை முதலில் எழுதி, படத்தையும் ஒட்டியிருந்தாள். வெர்லின் நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். மூச்சை எப்படி அடக்கினான், காற்று எந்தப் பக்கம் அடித்தது, மான் அவனைக் கண்ணுக்குக் கண் எப்படிப் பார்த்தது. ஆர்டிஸ் ஓரத்து மேஜையில் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு மீனைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஆர்டிஸ், உன் கார் மூஞ்சி என்னடி இப்படிக் கெடக்கு?" என்று கேட்டாள் யூனிஸ்.

வெர்லின் முந்திக்கொண்டான். "தபால் பெட்டிக் கம்பத்துல கொண்டுபோய்ச் சொருகிட்டா! நான் அம்ப வச்சுக் கொல்றேன், இவ கார வச்சுக் கம்பத்தக் கொல்றா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஹெட்லைட் சில்லு எந்தக் காருடையது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் கேட்டேன்: "எந்தக் கம்பம்மா?"

ஆர்டிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கம்பம் இல்லண்ணே. புதன்கிழமை வேலை விட்டு வர்றப்ப, மில் ரோட்டுல ஒரு பெட்டை குறுக்க ஓடுச்சு. பிரேக் போட்டேன். அது பின்னாலயே இது வந்து மோதிருச்சு." படத்தைக் காட்டினாள். "அங்கேருந்தே இவருக்குப் போன் போட்டேன். வந்தாரு. எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. நேராப் போயி கொம்ப எண்ணுனாரு. அப்புறம் வில்ல எடுத்துட்டு வந்து, இருபது கஜம் தள்ளி நின்னு, செத்துக் கெடந்தத எய்தாரு."

யூனிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"மொத அம்பு தப்பிருச்சு," என்றாள் ஆர்டிஸ்.

யாரோ பீரைத் துப்பிவிட்டார்கள். அப்புறம் கிளம்பிய சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஏய், சும்மா வெளையாடுறா!" வெர்லின் என் பக்கம் திரும்பினான். "மச்சான், நீயாவது சொல்லேன். நீதான உரிச்ச?"

"உரிச்சேன் மாப்ள. அதனாலதான் வாயத் தெறக்கல."

யூனிஸ் ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். ஆர்டிஸ் எழுந்து சாவியை என்னிடம் நீட்டினாள். "நீ ஓட்டுண்ணே. கை தூக்க முடியல."

அன்று அவளை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கழுத்துப் பட்டை எலும்பில் விரிசல். சீட் பெல்ட் இழுத்தது. இரண்டு நாளாக அந்தக் கையோடு அவனுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள். நானும்தான் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

யார் சொன்னார்களோ, வண்டியில் அடிபட்ட மானை வேட்டைக் கணக்கில் காட்டக்கூடாது என்று சனிக்கிழமை காலையில் வனத்துறைக்காரர் கொட்டகைக்கு வந்து கறியையும் தலையையும் எடுத்துக்கொண்டு போனார். ஆர்டிஸ் என் வீட்டில் மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் வெர்லின் போன் செய்தான். குரல் தேனாக இருந்தது.

"மச்சான், நடந்தது நடந்துபோச்சு. விடு."

"சொல்லு."

"அந்தக் கொம்பு மட்டும் பத்திரமா இருக்குல்ல?"

"வனத்துறைக்காரரு கொண்டுபோயிட்டாரு. உன் பொண்டாட்டிக்கு எலும்பு விரிசல் விட்டிருக்கு. ஆறு வாரம் கை அசைக்கக்கூடாதாம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். அவனுக்கும் ஒரு நிமிஷம் கொடுக்கலாமே என்று காத்திருந்தேன்.

"கொம்ப மட்டும் அறுத்தாங்களா, தலையோடயா?" என்று கேட்டான்.

போனை வைத்துவிட்டு, தங்கச்சிக்கு சூப் சுடவைக்கப் போனேன்.