லேமினேஷன் போட்ட பாஸ்போர்ட்

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சர்க்குலர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் சுற்றறிக்கை விடுவதை நிறுத்தவில்லை. வாங்கிக்கொள்ள மனைவி ஒருத்திதான் மிச்சம் இருந்தாள். பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் அவள். அவளிடமே உலகப்படத்தை விரித்து, "இதுதான் கடல். இதுக்கு அந்தப் பக்கம்தான் நம்ம பொண்ணு இருக்கா" என்று விரல் வைத்துக் காட்டினார். அவள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

மகளுக்குப் பிரசவ நேரம். இருவரும் போய்ச் சேர வேண்டும். விசாவுக்கான காகிதம் எதையும் அவர் அவளைத் தொட விடவில்லை. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, நகலுக்கும் நகல் எடுத்து, கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் போதும், இமிகிரேஷன் அதிகாரியை எப்படி மடக்குவது என்று வகுப்பெடுப்பார். வாழ்நாளில் அவர் விமானம் ஏறப்போவதே இதுதான் முதல் தடவை.

விசா வந்த கையோடு ஜெராக்ஸ் கடைக்குப் போய், தன் பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்துக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டு வந்தார். பக்கம் தகரம் மாதிரி விறைத்து நின்றது.

"இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. உன்னோடதையும் குடு."

"அதுல கை வைக்கலாமான்னு யாரையாவது கேட்டீங்களா?"

"நான் யாரைக் கேக்கணும்?"

அவள் தன்னுடையதைப் பீரோவில் புடவைக்கடியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அந்தக் கோபத்தில் அவர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வீடு நிம்மதியாக இருந்தது.

விமான நிலையத்தில், பெட்டி போடும் கவுண்டரில் இருந்த பெண் அவர் பாஸ்போர்ட்டை மெஷினில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு நகத்தால் அந்தப் பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தாள்.

"சார், இதுக்கு நீங்களா லேமினேஷன் போட்டீங்க?"

"ஆமா. பாதுகாப்புக்கு."

"இது செல்லாது சார். புதுசு எடுத்தாத்தான் போக முடியும்."

சர்க்குலருக்குக் காது சிவந்தது. "நான் யார்னு தெரியுமாம்மா உனக்கு?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

அந்தப் பெண் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவள்போல, "யார் சார்?" என்றாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மானம் போகிறதே என்று தனக்குப் பதறும் என்றுதான் மனைவி நினைத்தாள். பதறவில்லை. இந்தக் குரலுக்கா இத்தனை வருஷம் பயந்து செத்தோம் என்று அவர்மீதும், அவரைவிடத் தன்மீதும், ஒரு இளக்காரம்தான் வந்தது.

மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். "அம்மாவோடது சரியா இருக்கு. அவங்க போகலாம்."

"அவளா? தனியாவா? தெருமுனைக் கடைக்கே வழி தெரியாது அவளுக்கு. பெட்டியை எடுடி, வீட்டுக்குப் போகலாம்."

அவள் தன் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தாள். "போடுங்கம்மா."

"எங்கேடி போறே?"

"பிரசவம் பார்க்க."

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபோதும் தடுப்புக்கு அப்பாலிருந்து அவர் குரல் துரத்தியது. "செருப்பைக் கழட்டு! போனை ட்ரேயில வை! முழிக்காதே!" சோதனைக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்து, "யாரும்மா அது?" என்றாள்.

"அவர் வரலைங்க" என்றாள் இவள்.

உலோகம் பட்டால் கத்தும் கதவுச் சட்டத்தைத் தாண்டினாள். சத்தம் எதுவும் வரவில்லை. கைப்பையைத்தான் தனியாக ஒதுக்கினார்கள். உள்ளேயிருந்து பெரிய பாட்டில் தலைச்சாயமும் மீசை வெட்டும் கத்தரிக்கோலும் வந்தன. தன் பையில் இடமில்லை என்று அவர் திணித்து வைத்தவை.

"அடுத்தவங்க சாமானை எதுக்கும்மா சுமந்துட்டு வர்றீங்க?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதே வேலைதாங்க. தூக்கிப் போடுங்க."

பெண்மணி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இரண்டையும் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

விமானத்துக்குக் காத்திருக்கும்போது போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. "பொண்ணுகிட்ட எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு. மாப்பிள்ளை காதுல இந்த விஷயம் விழ வேண்டாம்."

"நடந்ததைத்தான் சொல்லுவேன்" என்று வைத்துவிட்டாள். போய் இறங்கியதும் அப்படியே சொன்னாள், குரல் முதற்கொண்டு நடித்துக் காட்டி. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, போதும்மா என்று மகள் கெஞ்சும்வரை விடவில்லை.

சர்க்குலருக்குப் புதுப் பாஸ்போர்ட் கிடைத்தபோது பேரன் குப்புற விழ ஆரம்பித்திருந்தான். அன்றே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, விமானப் பயணத்தில் ஒரு மனிதன் எப்படியெல்லாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று விளக்கினார். மாப்பிள்ளை மரியாதைக்குக் கேட்டுவிட்டு, "அத்தைகிட்ட குடுக்கறேன் மாமா" என்று போனை நீட்டினார். அவள் மடியிலிருந்த குழந்தையைக் காட்டி, கை ஒழியவில்லை என்று தலையசைத்தாள்.