பதினாலாம் பக்கம்

அச்சு இயந்திரம் ஓடத் தயார். டைப்பிஸ்ட் அக்காவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

மகளிர் சேவைச் சங்கத்தின் முப்பத்திரண்டு வருட வரலாறு. மொத்தம் அறுபது பக்கம். சங்கத்துக்கு வேலை ஒன்றே ஒன்று: படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை துணைக்கு உட்காருவது. வீட்டு ஆட்கள் அந்த நேரத்தில் வெளியே போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வார்கள். விதியும் ஒன்றே: அவர்கள் திரும்பும் வரை நாற்காலியை விட்டு எழக்கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் சரி.

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் டைப்பிஸ்ட் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதின்மூன்று பக்கங்களைத் திருத்தியிருந்தாள். பதினாலில் அவளே இருந்தாள்.

'கணவர் உயிருக்குப் போராடியபோதும் கடமை தவறாத நம் செயலாளர்! செய்தி வந்தும் நாற்காலியை விட்டு எழாத வீராங்கனை!'

பேருந்து நேரத்தைப் படிப்பதுபோல் படித்தாள்.

"ஒரே பக்கத்துல பதினோரு ஆச்சரியக்குறிம்மா," என்றார் அச்சகக்காரர். "படிக்கிறவங்க மிரண்டுடப் போறாங்க."

"நீங்க சும்மா இருங்க," என்று அதட்டினார் பெரியக்கா. சங்கத்தின் தலைவி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதட்டல் மட்டும் ஓய்வு பெறவில்லை. "இதை எழுதுறப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு, தெரியுமா?"

"எனக்கு வரல பெரியக்கா."

"உனக்கு நெஞ்சழுத்தம். அதான் வரல."

இருக்கலாம். நான்கு மாதமாக எதுவுமே வரவில்லை. பசி, தூக்கம், கோபம், எதுவும். பல் மருத்துவர் ஊசி போட்ட கன்னம்போல் உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

"அன்னிக்கு நான் யார் வீட்டுல இருந்தேன், சொல்லுங்க," என்றாள்.

"இரும்புக்கடைக்காரரோட அம்மாவுக்குத் துணைக்கு. ஊருக்கே தெரியுமே."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தா. 'அக்கா, மாமாவுக்கு நெஞ்சுவலி, உங்களத்தான் கேக்குறாரு'ன்னா. மணி நாலு நாப்பது. அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். போய்ப் பார்த்தா ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. வழியிலேயே போயிட்டாரு."

"அதைத்தானேடி பெருமையா எழுதியிருக்கேன்!"

"அந்தம்மா தூங்கிட்டு இருந்தாங்க பெரியக்கா."

பெரியக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"நல்ல தூக்கம். லேசா குறட்டை. கதவைச் சாத்திட்டு நான் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அந்தப் பொண்ணையே உக்கார வெச்சிருக்கலாம். தோணல. விதிதான் தோணுச்சு."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"சரி விடு," என்றார் பெரியக்கா ஒருவழியாக. குரல் இறங்கியிருந்தது. "பக்கத்தையே எடுத்துடலாம்."

"எடுத்தா இந்த விதி அப்படியே இருக்கும். நாளைக்கு இன்னொருத்தி உக்காருவா. நடந்தது அப்படியே வரணும். இல்லன்னா நான் சம்மதிக்க மாட்டேன்."

பேனாவை எடுத்தாள். 'வீராங்கனை'யை அடித்தாள். ஓரத்தில் எழுதினாள்: 'இருபது நிமிடம் காத்திருந்தார். நோயாளி உறங்கிக்கொண்டிருந்தார். இவர் போயிருக்கலாம். விதி தவறு.'

பெரியக்கா அதை மூன்று தடவை படித்தார். விதியை எழுதியவரே அவர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடி?"

"நீங்க கேக்கலையே. எல்லாரும் கை தட்டுனீங்க."

பெரியக்கா பேனாவை வாங்கினார். கடைசிச் சொல்லுக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். அது கோணலாக விழுந்தது. டைப்பிஸ்ட் அக்கா அதைப் பார்த்தாள். பரிதாபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது, பரிதாபம் வரவில்லை.

அச்சகக்காரர் தாளை வாங்கிப் படித்தார்.

"இந்த நாலு வரியைப் பெரிய எழுத்துல போடவாம்மா?"

"வேணாம்," என்றாள். "மத்த வரி எப்படியோ அப்படியே."

அவர் பக்கத்தைத் திருத்தி முடித்ததும் உள்ளே இயந்திரம் ஓடத் தொடங்கியது.