பிழைகளைத் தின்றவர்

காலிதீன் மச்சானின் தலைக்குள் ஊசி இறக்குவதா, வேண்டாமா என்று நாளைக் காலையில் டொக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அந்த ஊசியைக் கண்டுபிடித்தவள் பஹ்மிதா. ஆனால் பேச்சிழந்த மச்சானுக்காகச் சம்மதம் சொல்ல வேண்டியவள் அவளல்ல. மச்சானின் மனைவி, பஹ்மிதாவுக்கு மூத்தவள், றாஹிலா ராத்தா. அவளோ டொக்டர் வந்துபோன நேரத்திலிருந்து நோன்புக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவிக் குவித்த தேங்காய் சாய்ந்தமருது ஊர் முழுவதற்கும் கஞ்சி காய்ச்சப் போதும்.

கல்முனைக் கடைத்தெருவில் போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தவர் காலிதீன். ஒரு பக்கம் கொப்பி எடுக்க வந்தவர் அரை மணித்தியாலம் நின்று சிரித்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்ட வாயைத்தான் மூளையில் வளர்ந்த கட்டி முதலில் பிடித்தது. போன வருஷம் வெட்டி எடுத்தார்கள், கதிர் பாய்ச்சினார்கள். அது கூச்சமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது மச்சானுக்கு எல்லாம் விளங்கும், ஆட்களைத் தெரியும், சிரிப்பும் வரும். சொல் மட்டும் வராது. "அது... அந்த..." என்று கையால் காற்றில் வட்டம் போடுவார்.

டொக்டர் கனகசபாபதி பாண்டிருப்புக்காரர். கொழும்பில் மூளைச் சத்திரசிகிச்சை செய்பவர். விடுமுறையில் ஊருக்கு வந்தவர் வீடு தேடி வந்து ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

"குளிசையா குடுத்தா மருந்து மூளைக்குள்ள போறது கொஞ்சந்தான். மூளை தன்ட வாசல்ல காவல் போட்டு வெச்சிரிக்கு. பஹ்மிதாட ஊசியால கட்டிக்குள்ளயே துளித்துளியா விடலாம். ஆஸ்பத்திரிக் கொமிட்டி அனுமதி தந்திட்டு. மிருகங்கள்ல சரியா வந்திரிக்கு, ஆனா மனிசர்ல இதுதான் முதல் தடவை. நான் உத்தரவாதம் தரமாட்டன். இனியும் சுணங்கினா இந்த வழியும் இல்ல."

போகும்போது பஹ்மிதாவைத் தனியே கூப்பிட்டு, "நீங்க விளங்கப்படுத்தலாம். வற்புறுத்தப்படாது" என்றார்.

விளங்கப்படுத்தப் போனவளிடம் றாஹிலா துருவுபலகையை விட்டு எழும்பாமலே கேட்டாள்.

"எதை நம்பி நான் ஓம் எண்டு சொல்ற? உன்ட ஊசி ஒழுகினதத்தான் நான் கண்டிரிக்கன். அந்த நோன்பு முழுக்க நாங்க திண்டது எல்லாம் ஒழுகினதுதானே."

பஹ்மிதாவுக்கு உள்ளே ஒரு நிம்மதி வந்தது. ராத்தா வேண்டாமென்றால் பழி தன் தலையில் விழாது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெளியே வந்து, கிணற்றடியில் நின்றுகொண்டு அந்த நோன்பை நினைத்தாள்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்ட வருஷத்து நோன்பு அது. பள்ளிவாசல் பூட்டு, கடை பூட்டு, அவள் படிப்பித்த ஒலுவில் கெம்பஸும் பூட்டு. கணவன் சப்ரி கட்டாரில் மாட்டிக்கொண்டான். ஒரே வளவுக்குள் ராத்தாவின் வீடும் தன் வீடும். இடையில் ஒரு வேலி கூட இல்லை. உலகமே பயந்து நடுங்கிய காலத்தைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் பஹ்மிதாவின் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான மாதம் ஒன்று அதன்பிறகு வரவில்லை.

அவள் கையில் இருந்தது பாதி முடிந்த ஒரு யோசனை. மெல்லிய ஊசியால் மூளைக்குள் மருந்து விட்டால், அது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் ஊசியின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்துவிடும். அதை நிறுத்த வேண்டும். மூளையின் மென்மைக்குச் சமமான ஒரு கூழில் குத்தித்தான் உலகமெங்கும் பரிசோதிக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் அந்தக் கூழுக்கு வாயில் நுழையாத பெயர், பயங்கர விலை. பொருள் என்னவோ, நோன்பு திறக்க நம் வீடுகளில் சீனியும் ரோஸ் சிரப்பும் போட்டுக் காய்ச்சும் கடற்பாசிதான்.

"மூளை மாதிரி ஒண்டு காய்ச்சித் தாங்க ராத்தா" என்று கேட்டாள். றாஹிலா பெருநாளைக்குக் காய்ச்சுவதுபோல் வெட்டி அடுக்கும் பதத்தில் காய்ச்சினாள்.

"மூளை இவ்வளவு கெட்டி இல்ல ராத்தா."

"உன்ட மூளைய நினைச்சிக் காய்ச்சினன்" என்றாள் றாஹிலா.

மச்சான் கடையில் செத்துக் கிடந்த பிரிண்டர் ஒன்றின் மோட்டாரைக் கழற்றி வந்து கொடுத்தார். அது சிரிஞ்சைத் தள்ளும் இயந்திரமாயிற்று. மருந்துக்குப் பதில் கேக்குக்குப் போடும் நீலச் சாயம். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ஊசியைக் குத்தினால் நோன்பு திறக்கும் பாங்குக்குக் கொஞ்சம் முன்னர் முடியும். கண்ணாடிக் கோப்பைக்குள் பார்த்தால் ஒவ்வொரு நாளும் ஒரே காட்சி: நீலம் ஊசியோடு ஏறி மேலே பரந்து கிடக்கும்.

கஷ்ட காலம், வீணாக்க மனம் வராது. ஒழுகினது எல்லாம் நோன்பு திறக்கும் பாய்க்கு வந்தது. தின்றவர் மச்சான். முதலில் கோப்பையைக் காதருகே பிடித்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு கரண்டியால் நீலக் கோட்டை வழித்து வாயில் போட்டுவிட்டு, நீதவான் போலத் தீர்ப்புச் சொல்வார்: "ஒழுகிட்டு. ஆனா ருசி நல்லம்."

ஒருநாள் ஒழுகவேயில்லை. நீலம் ஊசி முனையில் உருண்டையாக நின்றது. பஹ்மிதா முற்றத்தில் ஓடித் திரிந்து கத்தினாள்; சப்ரிக்குப் போன் எடுத்துச் சொன்னாள். பாங்கு சொன்னதும் மச்சான் ஒரு துண்டு கடித்தார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "தங்கச்சி, இது இறப்பர் செருப்பு" என்றார். நோன்பு மயக்கத்தில் றாஹிலா பாசியை இரண்டு தரம் அள்ளிப் போட்டிருக்கிறாள். நோன்பென்பதால் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கவுமில்லை. கெட்டிக் கூழில் எந்த ஊசிதான் ஒழுகும்? அன்றிரவு பஹ்மிதா அழுதாள். மச்சான் அவளைச் சிரிக்க வைக்கும்வரை தன் வீட்டுக்குப் போகவில்லை.

மாதத்தின் கடைசியில்தான் அது நடந்தது. பெரிய ஊசிக்குள் சின்ன ஊசியைச் செருகிப் பூட்டியிருந்தாள். பூட்டு இளகிச் சின்னது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. கரண்டியோடு இருந்த மச்சான்தான், "இஞ்ச பாரு, இண்டைக்குக் கோடு பாதியில நிண்டுட்டு" என்றார். மெல்லிய ஊசியோடு ஏறி வந்த நீலம், தடித்த ஊசி தொடங்கும் படியில் முட்டி நின்றிருந்தது. அந்தப் படிதான் பின்னர் பல வருஷ வேலையாயிற்று. "இந்த ஊசியில பாதி என்ட" என்று மச்சான் கடைக்கு வருவோர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அதன் பிறகு வந்த நல்ல கோப்பைகளைத் தின்ன விடவில்லை. அளக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். பிரிஜ்ஜில் வைத்து, "தின்னக்கூடாது, மச்சானுக்குத்தான் சொல்வது" என்று துண்டுக் கடதாசி ஒட்டினாள். அவர் ஒருநாளும் தொடவில்லை. நல்லது பிரிஜ்ஜுக்கு, ஒழுகினது மச்சானுக்கு என்பது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது.

பஹ்மிதா கிணற்றடியிலிருந்து உள்ளே போனாள்.

"ராத்தா, இண்டைக்கு ஒருக்கா குத்திப் பாப்பம். கடப்பாசிய நீங்களே காய்ச்சுங்க. நான் அடுப்படிக்கு வரமாட்டன்."

"அண்டைக்கும் நீ சரியெண்டுதான் கத்தின."

"ஓம். இண்டைக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. மச்சான் பாக்கட்டும்."

றாஹிலா கையைக் கழுவிவிட்டு எழும்பினாள். இந்த முறை பாசியை இரண்டு தரம் போடவில்லை; ஒரு தரம் போடுவதையே யோசித்து யோசித்துத்தான் போட்டாள். அசருக்குப் பிறகு, டொக்டரிடம் கொடுக்கப்போகும் ஊசியைப் போன்ற இன்னொன்றைப் பஹ்மிதா கூழில் இறக்கினாள். பிரிண்டர் மோட்டார் இன்னும் உயிரோடிருந்தது. அதன் முனகலைக் கேட்டதும் மச்சான் அறையிலிருந்து மெல்ல நடந்து வந்து பாயில் உட்கார்ந்தார். அவருக்கு நோன்பில்லை; என்றாலும் பாங்கு சொல்லும்வரை தண்ணீர்கூடத் தொடவில்லை.

பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள். றாஹிலா ஊசியை உருவிவிட்டுக் கோப்பையைத் தன் கையாலேயே அவர் முன் வைத்தாள். பஹ்மிதா கஞ்சியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். ஒழுகியிருக்க வேண்டும் என்று ஒரு மனம் கேட்டது. ஒழுகியிருந்தால் மச்சான் போய்விடுவார் என்று மற்ற மனம் அதைத் திட்டியது.

மச்சான் கோப்பையைக் காதருகே பிடித்து ஆட்டினார். கூழ் தளதளவென்று ஆடியது. இறப்பர் செருப்பு அல்ல. கரண்டியை எடுத்து ஊசி போன வழியில் நீலக் கோட்டைத் தேடினார். கோடு இல்லை. அடியில் மட்டும் ஒரு நீல உருண்டை அசையாமல் நின்றது. அவர் வாய் திறந்தது. "அது... அந்த..." கை காற்றில் வட்டம் போட்டது. தீர்ப்பு வரவில்லை. கண் கலங்கியது.

பிறகு கரண்டியைக் கீழே வைத்தார். ஒரு வாய்கூடத் தின்னவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் றாஹிலாவின் பக்கம் தள்ளி, பிரிஜ்ஜைக் காட்டினார்.

"வை" என்றார்.

றாஹிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரலால் தன் தலையின் பக்கத்தைத் தொட்டுக் காட்டி, பஹ்மிதாவைப் பார்த்துச் சிரித்தார். கடையில் நின்று சிரித்த அதே சிரிப்பு. ஒளிந்துகொள்ளப் பஹ்மிதாவுக்கு இனி இடமில்லை. பயமாக இருந்தது, ஆனாலும் அவள் தலையாட்டினாள்.

றாஹிலா எழும்பிப் போய்க் கோப்பையைப் பிரிஜ்ஜில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, அதில் கையை ஊன்றியபடி நின்றாள்.

"காலையில டொக்டருக்கு நானே கதைக்கிறன்" என்றாள். "இவ்வளவு காலத்துக்கும் இந்த மனிசன் நல்லதுல ஒரு வாய் திண்டதில்ல. கொழும்புக்குப் போய் வந்து திங்கட்டும்."