ஒனோஃப்ரேயின் வெறுங்கை

ஒனோஃப்ரே மெழுகுவர்த்தி இல்லாமல் செத்தான். அந்த ருமேனியக் கிராமத்தில் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய கேடு வராது. உயிர் பிரியும்போது கையில் மெழுகுவர்த்தி எரிந்தால்தான் போகிற வழி தெரியும் என்பார்கள். அவனும் கேட்டான். மனைவி சவேத்தாதான் கொடுக்கவில்லை.

அவள் மெழுகுவர்த்தி ஏற்றும் பழைய கிறிஸ்தவக் கோயிலை விட்டு, ஆற்றில் முழுகிப் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவள். "இயேசுவே வெளிச்சம், மெழுகு எதுக்கு?" என்று சொல்லி, கட்டிலருகே மண்டியிட்டு, கண்ணை மூடி, கைகளைக் கோத்து உருகி உருகி ஜெபித்தாள். அவன் வலக்கை மட்டும் போர்வைமேல் திறந்து திறந்து மூடியது. ஆமென் சொல்லி அவள் கண் திறந்தபோது அந்தக் கை திறந்தபடியே கிடந்தது.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் போதும், நடைவழிச் சுவரை யாரோ தடவிக்கொண்டு வருகிறார்கள்.

"என் தம்பிதான்டி. இருட்டுல வழி தெரியாம அலையுறான்," என்றாள் நாத்தனார் ஸம்ஃபிரா. கொண்டுவந்த மெழுகுவர்த்தியை மேசையில் வைத்தாள். "மனந்திரும்பின மகராசி, புருஷனை நல்லா வழியனுப்பி வச்ச. இப்பவாவது ஏத்து."

"ஏத்துனா அன்னிக்கு நான் செஞ்சது தப்புன்னு ஆயிடும் அண்ணி."

"தப்புதானே?"

விசாரிக்க வந்த சபைப் பாஸ்டர் நத்தனாயேலுக்கு எதிலும் சந்தேகமே கிடையாது. "செத்தவங்க நடமாட மாட்டாங்க சகோதரி. அது அவர் வேஷம் போட்ட பிசாசு. இயேசு நாமத்துல விரட்டுங்க."

"ஒருவேளை அவராவே இருந்தா, பாஸ்டர்?"

"வேதத்துல அப்படி இல்லயே," என்று தேநீரை ஊதிக் குடித்தார்.

மறுநாள் சாயங்காலம் சவேத்தா நடைவழியில் போய் நின்றாள். ஏற்றினால் அவள் கண்ட சத்தியம் பொய். விரட்டினால், அவன்தான் என்றால், இரண்டாம் முறையும் அவனை இருட்டில் தள்ளியவள் ஆவாள். தடவும் சத்தம் சுவரோரமாக வந்து, அவன் தொப்பி மாட்டும் ஆணியருகே நின்றது. பயத்தில் அவள் கைகள் தாமாகவே ஜெபத்துக்குக் கோத்துக்கொண்டன.

கோத்த கைகளைக் குனிந்து பார்த்தாள். அன்றைக்கும் இப்படித்தான் இருந்தன. மெழுகுவர்த்தி இல்லாமல் போகட்டும், அந்தக் கையை அவளாவது பிடித்திருக்கலாம். எந்தச் சபை வேண்டாமென்று சொல்லியிருக்கும்?

விரல்களைப் பிரித்தாள். வலக்கையை இருட்டுக்குள் நீட்டினாள்.

"எங்கிட்ட இதுதான் இருக்குங்க," என்றாள். "பிடிச்சுக்கோங்க."