ராபினுக்கான கேக்

1

இந்தக் கதை பிறக்கக் காரணம், ஒரு கடையில் சரக்குத் தீர்ந்துபோனதுதான். என் வீட்டுக்கு எதிரே பல்கலைக்கழக விடுதி. செப்டம்பர் கடைசியில் புதுப் பிள்ளைகள் போர்வை, சட்டி, தொட்டிச்செடி சகிதம் கார்களில் வந்து இறங்குவார்கள். அந்த வாரம் காற்றில் அடித்துக்கொள்ளும் என் சமையலறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு மரக்கட்டை வாங்கப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார். அத்தனையையும் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்களாம். விடுதியில் சேருகிறவர்களுக்கு இந்த நாட்டில் எல்லோரும் சொல்லி அனுப்பும் புத்திமதி அது: கட்டை கொண்டு போ, கதவைத் திறந்து வை, சிநேகிதம் தானாக உள்ளே வரும்.

எனக்குக் கட்டை கிடைக்கவில்லை. கதை கிடைத்தது. (இந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்துவிடப் பார்த்தேன். மனசு வரவில்லை.)

2

முதல் தொடக்கம்: வடக்கு இங்கிலாந்தின் மழை டாம்சினின் ஜன்னலில்... வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: பதினெட்டு வயது டாம்சின் பென்ரோஸ், கார்ன்வாலிலிருந்து நிலவியல் படிக்க... இது வேலைக்கு மனுப்போடுவது மாதிரி இருக்கிறது.

மூன்றாவது: டாம்சின் கதவைத் திறந்து கட்டையைச் செருகிவிட்டு, சிநேகிதம் வரட்டும் என்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

இது போதும்.

3

வரவில்லை. திங்கள் வரவில்லை, செவ்வாயும் வரவில்லை. திறந்த கதவுக்குத் தோதாக அவள் முகத்தை வைத்துக்கொண்டாள். வேலையாக இருப்பதாகவும் தெரியக்கூடாது, ஏங்குவதாகவும் தெரியக்கூடாது. ஒரு தட்டு நிறைய பிஸ்கட் அடுக்கினாள். பிஸ்கட் நமுத்துப்போனது.

காரணம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தத் தளத்தில் ஆறு அறைகள். எல்லோரும் அதே புத்திமதியோடு வந்தவர்கள். ஆறு கதவுகளும் திறந்திருந்தன. உள்ளே அவரவர் கட்டிலில், அவரவர் பிஸ்கட்டோடு, காத்துக்கொண்டிருந்தார்கள்.* கூப்பிடாமல் அடுத்தவர் அறைக்குள் தலையை நீட்டுவது இங்கே கொலைக்கு அடுத்த குற்றம். குளிக்கப் போகிறவர்கள்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

(* ஆறாம் அறையில் யாரை வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. கதவு திறந்தே இருக்கட்டும்.)

4

புதன்கிழமை அம்மா போன் செய்தாள்.

"யாராவது பிரெண்டு கெடச்சாங்களா கண்ணு?"

"ம். ராபின்னு ஒரு புள்ள."

வாயில் வந்த பெயர். அம்மா விடுவதாக இல்லை. எப்படிப்பட்ட புள்ள என்று கேட்டாள்.

"எந்நேரமும் எதையாவது படிச்சிட்டே இருக்கும். அதிகம் பேசாது. ஆனா நான் சொல்றத கடைசி வரைக்கும் கேட்டுக்கும்மா."

சொல்லும்போதே டாம்சினுக்குத் தோன்றியது: அப்படி ஒருவர் நிஜமாகவே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை எலுமிச்சை கேக்கோடு வந்து ராபினைப் பார்த்தே தீருவேன் என்று போனை வைத்துவிட்டாள். குட்டு வெளிப்பட்டால் மகளைக் கையோடு ஊருக்குக் கூட்டிப்போய்விடுவாள். கூப்பிட்டால் தானும் போய்விடுவோம் என்பதுதான் டாம்சினின் பயம்.

எனக்கோ வயிற்றெரிச்சல். நான் மூன்று தொடக்கம் எழுதித் திண்டாடியவன். இவள் ஒரே மூச்சில் உயிருள்ள ஒரு பாத்திரத்தை உண்டாக்கிவிட்டாள்.

5

சில முடிவுகளை முயன்று பார்த்தேன்.

எதிர் அறை ஃபெர்கஸிடம், ஒரு நாள் ராபினாக நடிக்கச் சொல்லிக் கேட்கலாம். டாம்சினை அவன் வாசல்வரை நடத்திக் கொண்டுபோனேன். அவன் நிமிர்ந்தான்.

"சாரி" என்றாள்.

"இல்ல இல்ல, நான்தான் சாரி" என்றான்.

திரும்பி வந்துவிட்டாள். எதற்கு மன்னிப்பு என்று இருவருக்கும் தெரியாது.

ராபின் திடீரென்று செத்துப்போனதாகச் சொல்லலாம். அம்மா துக்கம் விசாரிக்க இரண்டு கேக்கோடு வருவாள்.

நானே ஒரு ராபினை எழுதி அறைக்குள் அனுப்பலாம். ஆனால் டாம்சினுக்குத் தேவை

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் வரவில்லை.)

6

சனிக்கிழமை காலை, பாதி நாட்டைக் கடந்து வந்த அம்மாவின் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. வேறு வழியில்லாமல் எழுத்தாளன் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். தளத்துச் சமையலறையில் யாருடைய ரொட்டித் துண்டையோ கருக்கினேன்.

தீ மணி அலறியது. கட்டைகளை உதைத்துத் தள்ளி, கதவுகளைச் சாத்திவிட்டு, எல்லோரும் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிவந்தார்கள். ஃபெர்கஸ் இடுப்பில் துண்டோடு வந்தான். இரண்டு பேர் கையில் பிஸ்கட் தட்டு இருந்தது. தட்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தத் தளத்தில் ஒரு வாரமாகக் கேட்காத சத்தம் அது.

அம்மா கேக்கோடு வந்து நின்றாள்.

"இதுல ராபின் யாருப்பா?"

சிரிப்பு நின்றது. டாம்சின் தன் செருப்பைப் பார்த்தாள். ஃபெர்கஸ் மெல்லக் கையைத் தூக்கி... இல்லை, அடித்துவிட்டேன். துண்டைப் பிடிக்க அவனுக்கு அந்தக் கை வேண்டும். மேலும், ராபின் அவன் இல்லை.

டாம்சின் நிமிர்ந்து வரிசையின் கோடியைப் பார்க்கிறாள். அங்கே ஆறாம் அறை நிற்கிறது. இவ்வளவு நேரமும் இந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டே இருந்த புள்ள. ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கதையைக் கடைசி வரைக்கும் கேட்டாயிற்று.

தூறல் போடுகிறது. எனக்கு இங்கே இனி வேலை இல்லை. கையைத் தூக்குவதோ சும்மா நிற்பதோ உங்கள் பாடு.

சீக்கிரம். கேக் நனைகிறது.