பதினாறு கிலோவும் ஒட்டடைக் கம்பும்

பன்னிரண்டு கிலோ கெட்டில்பெல் குண்டிலிருந்து பதினாறு கிலோவுக்கு எப்போது மாறலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஆபீசில் பக்கத்து நாற்காலி சுபாஸ்ரீ, பன்னிரண்டு போரடித்துவிட்டால் மாறிவிடு என்றாள். வீடியோவில் வருகிற தாடிக்காரர், இருபது ஸ்விங்கை மூச்சு வாங்காமல் போட முடிந்தால் மாறலாம் என்றார். என் வீட்டுக்காரர் ஜெபசிங், மாறவே வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் மட்டும்தான் அனுபவம் இருந்தது.

போன வருஷம் நான் அவசரப்பட்டு மாறினேன். கெட்டில்பெல் என்பது கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. இரண்டு கையாலும் பிடித்து, கால்களுக்கு நடுவே பின்னால் விட்டு, இடுப்பால் உந்தி நெஞ்சு உயரத்துக்கு வீச வேண்டும், அதுதான் ஸ்விங். நான் இடுப்பு செய்ய வேண்டிய வேலையை முதுகுக்குக் கொடுத்தேன். மூன்றாவது சுற்று முடிந்து பதினாறைக் கீழே வைக்கும்போது முதுகில் பளீரென்று வெட்டியது. குண்டைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் சரிந்தேன். மூன்று வாரம் படுக்கை. மகளுக்கு ஜெபசிங் பின்னிவிட்ட சடையைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, சிரித்தால் முதுகு வலித்தது.

பிறகு எட்டு கிலோவில் தொடங்கி, பன்னிரண்டுக்கு வந்து, மாதக்கணக்காக அங்கேயே நிற்கிறேன். பதினாறு பால்கனியில் கிடக்கிறது. துணி காயப்போட அதைத் தாண்டித்தான் போகவேண்டும். இன்னொரு முறை படுத்தால் முதுகு தேறிவிடும், என் தைரியம் தேறாது. அதைத் தொடாதே என்று சொல்வது முதுகா, வெறும் பயமா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான் சாப்ட்வேர் டெஸ்டர். சரியாகிவிட்டது என்று யார் சொன்னாலும், எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள்.

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே பூர்ணா அக்கா. செகந்தராபாத்தில் நாலு தலைமுறை பார்த்த தமிழ்க் குடும்பம், வங்கி வேலை. காலையில் அவர் காபியோடு உட்காரும் நேரத்தில் என் குண்டு இறங்கித் 'தும்' என்றால், ஒட்டடைக் கம்பால் சீலிங்கை 'டொக் டொக்' என்று தட்டுவார். ரப்பர் பாய் போட்டேன். தட்டினார். அதன்மேல் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டேன். அதற்கும் தட்டினார். லிப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். மறுநாள் காலை மறுபடி என் குண்டு, அவர் கம்பு.

அந்தக் கம்பு ஒரு வாரமாக வாய் திறக்கவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியவள்தான், ஆனால் எனக்குக் குறுகுறுவென்றே இருந்தது. சனிக்கிழமை கீழே போய் மணியடித்தேன்.

"என்னக்கா, ஒரு வாரமா தட்டவே மாட்டேங்கிய? ஒடம்புக்கு என்னமும் செய்யுதா?"

"நான் கைக்கு தட்டணும்?" என்றார். எதற்கு என்பது ஹைதராபாத் உருதுவில் 'கைக்கு', அவர் தமிழில் அது கலந்தே வரும். "சத்தமே வரல்லே. நீ விட்டுட்டேன்னு நினைச்சேன்."

விடவில்லை, தினமும் செய்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்குள் இருந்த டெஸ்டர் விழித்துக்கொண்டாள். முன்பு எந்தச் சத்தம், எப்போது வரும் என்று துருவித் துருவிக் கேட்டேன். முதல் சுற்றுகளில் நான் குண்டை வைப்பதே தெரியாதாம். கடைசியில் வைப்பதுதான் தும்மென்று விழுமாம். அதைக் கேட்டால் தட்டிவிட்டுக் குளிக்கப் போவாராம். அவ்வளவு தொல்லையா என்று கேட்டேன்.

"ஹவ், ஆமா, தொல்லைதான்," என்றார். "ஆனா போன வருஷம் ஒரு பெரிய தும், அப்புறம் மூணு வாரம் ஒண்ணுமே இல்ல. அது எனக்குப் பிடிக்கல்லே ரோஸ்லின்."

அங்கேயே எனக்கு விளங்கிவிட்டது. எத்தனை முறை தூக்குகிறேன் என்றே எல்லாரும் கேட்டார்கள், நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி இறக்குகிறேன் என்று யாரும் பார்க்கவில்லை. இடுப்பு களைத்தால் பாரம் முதுகுக்குப் போகும், கை குண்டைப் போட்டுவிடும். இப்போது கடைசிச் சுற்றிலும் அது சத்தமில்லாமல் இறங்குகிறது என்றால், இடுப்பு கடைசிவரை தாங்குகிறது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எனக்குக் கேட்காதது கீழே கேட்டிருக்கிறது. நாளைக்குப் பதினாறை எடுக்கப்போகிறேன் என்றேன். பூர்ணா அக்காவின் முகம் மாறிவிட்டது.

"நக்கோ ரோஸ்லின், வேணாம்," என்றார்.

மறுநாள் காலை பதினாறை உள்ளே தூக்கி வந்தேன். தும்மென்று விழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவேன் என்று ஜெபசிங்கிடம் சொன்னேன். அவர் தோசைத் திருப்பியோடு சமையலறை வாசலில் நின்றார். முதல் சுற்று முடித்து இறக்கினேன். சத்தமில்லை. இரண்டாவதும் அப்படியே. அடுத்தது மூன்றாவது, போன வருஷம் விழுந்தது இதில்தான். வீசி முடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்து, குண்டைப் பாயில் உட்காரவைத்தேன். சத்தமில்லை, வலியும் இல்லை. அப்படியே நின்றேன்.

கீழிருந்து டொக் டொக்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இல்லாத சத்தத்துக்கு என்ன தட்டல்? மறுபடி ஒரே ஒரு டொக் வந்தது, மிக மெதுவாக. பிறகு ஒன்றுமில்லை. அது திட்டுகிற தட்டல் இல்லை, நல்லாத்தான் இருக்கிறாயா என்று கேட்கிற தட்டல். நான் பதினாறை எடுத்திருப்பேன் என்று தெரிந்து, காபியை ஆறவிட்டு, சீலிங்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குனிந்து, பதினாறை ஒரு விரற்கடை தூக்கி, வேண்டுமென்றே விட்டேன்.

தும்.