முனிக்கு நேர்ந்த சேவல்

மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் போன வருஷம் காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுப் போன வெள்ளைக்காரப் பல்கலைக்கழகப் பேராசிரியர், இந்த வருஷம் பிரசங்கம் செய்ய வந்திருந்தார். பொழுது சாய்ந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, விளக்குப் படம் காட்டினார். அவர் பேசப் பேசத் தோட்டத்துக் கணக்கரான கிராணி விசுவலிங்கம் தமிழில் சொன்னார்.

வேட்டித் திரையில் வயிறு வீங்கிய ஒரு பையன் படமாக வந்து நின்றான். கூட்டத்தில் இருந்த சந்திரமதி பதறி எழுந்தாள். போன வருஷம் காய்ச்சலில் செத்த அவளுடைய மகன்.

"மேல் லயத்து வீடுகளுக்குக் காய்ச்சல் மருந்தான கொயினா கொடுத்தோம். கீழ் லயத்துக்கு வெறும் மாவு மாத்திரை. இந்தப் பையன் கீழ் லயம்," என்றார் கிராணி, குரல் இறங்கிப்போய். "இரண்டையும் ஒப்பிட்டதில், கொயினாவின் மகிமை உலகத்துக்கே தெரிந்துவிட்டது."

கங்காணி கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

பிள்ளை பிழைக்க வேண்டுமென்று காவல் சாமி முனிக்குச் சேவல் நேர்ந்திருந்தாள் சந்திரமதி. அடுத்த வெள்ளி அறுக்கலாம் என்று தள்ளிப்போட்டான் புருஷன் செல்லப்பன். அதற்குள் பிள்ளை போய்விட்டது. முனி கோபித்துக்கொண்டதாகக் கீழ் லயமே சொன்னது. அன்று முதல் அவள் செல்லப்பனுக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பேராசிரியர்.

"கிராணி ஐயா, தொரைகிட்ட கேட்டுச் சொல்லுங்க," என்றாள் சந்திரமதி. "அந்தச் சேவல் இன்னும் எங்க வாசல்லதான் மேயுது. புள்ளைய எடுத்தது முனி இல்லன்னு ஆயிருச்சு. இந்தத் தொரைக்கு அறுத்தாப் போதுமா, இல்ல, இன்னும் புள்ளைங்கதான் வேணுமா?"